லைவ் டேட்டா வேலைக்கு சீனியர் இன்ஜினியர்: ஐந்து மாதமாக ஆள் அமையவில்லை, எங்கே தப்பு செய்கிறோம்?

தரமணி_தரவு | ஆகஸ்ட் 4, இரவு 10.12

வணக்கம். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொன்னால் பெரிய உதவி.

சென்னையில் சின்னக் கம்பெனி, இருபத்தாறு பேர். ஐஸ்கிரீம், பால், மருந்து ஏற்றிப் போகும் குளிர்பதன லாரிகளில் கருவி பொருத்தி, வண்டி எங்கே இருக்கிறது, பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று உடனுக்குடன் காட்டுகிறோம். சூடு ஏறினால் டிரைவருக்கும் டிப்போவுக்கும் எஸ்எம்எஸ் போகும். இப்போது 4,000 வண்டி, ஒவ்வொன்றும் பத்து விநாடிக்கு ஒரு செய்தி அனுப்பும். வருவதை காஃப்கா என்ற செய்தி வரிசையில் வாங்கி, ஃபிளிங்க் என்ற மென்பொருளில் உடனுக்குடன் கணக்குப் போட்டு, கிளிக்ஹவுஸ் என்ற டேட்டாபேஸில் சேர்க்கிறோம். இதைக் கட்டிய இரண்டு பேரில் ஒருவர் மார்ச்சில் விலகிவிட்டார். இன்னொருவன் நான்.

அன்று முதல் அவர் இடத்துக்கு ஆள் தேடுகிறோம். நூற்றுநாற்பது ரெஸ்யூமே பார்த்து, முப்பத்தோரு பேரிடம் பேசி, இரண்டு பேருக்கு ஆஃபர் கொடுத்தோம். ஒருவர் தொண்ணூறு நாள் நோட்டீஸில் எண்பதாவது நாள் போன் செய்து வேறு இடத்தில் கூடுதலாகக் கிடைத்துவிட்டது என்றார். இன்னொருவர் சேர்ந்து ஏழு வாரத்தில் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அதில் பாதித் தப்பு எங்களுடையது.

ஜேடியில் (வேலை விவர அறிவிப்பு) போட்டிருப்பது: எட்டு ஆண்டுக்கு மேல் அனுபவம், காஃப்காவில் ஐந்து ஆண்டு, ஃபிளிங்கில் ஐந்து ஆண்டு, ஸ்பார்க், குபர்நெட்டஸ், ஜாவா, பைத்தான், கிளவுட் சான்றிதழ் இருந்தால் நல்லது, சென்னை அலுவலகம் மட்டும். சுற்றுகள் ஐந்து: 90 நிமிட ஆன்லைன் கோடிங், டேட்டா ஸ்ட்ரக்சர், சிஸ்டம் டிசைன், மேனேஜர், நிறுவனர். சம்பளம் ஜேடியில் இல்லை. 32 முதல் 42 லட்சம் வரை கொடுக்க முடியும்.

எங்கே தப்பு?

நள்ளிரவுப்_பேஜர் | ஆகஸ்ட் 4, இரவு 11.40

பெங்களூரில் ஒன்பது வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன், அதனால் நேராகவே கேட்கிறேன். உங்களிடம் கடைசியாக எது உடைந்தது? எப்படி உடைந்தது? யார் கண்டுபிடித்தார்கள்? எத்தனை மணி நேரம் ஆனது? அதைச் சொல்லுங்கள், எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று அதிலிருந்து சொல்லிவிடலாம். உங்கள் ஜேடியை வைத்துச் சொல்ல முடியாது, அதில் இருப்பதெல்லாம் கருவிகளின் பெயர்.

பழைய_டிபிஏ | ஆகஸ்ட் 5, காலை 6.55

நான் வேறொன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 4,000 வண்டி, பத்து விநாடிக்கு ஒன்று என்றால் விநாடிக்கு 400 செய்தி. நாள் முழுக்கக் கூட்டினாலும் மூன்றரைக் கோடி வரிசைதான். போஸ்ட்கிரெஸ் என்ற சாதாரண டேட்டாபேஸ் ஓடும் ஒரு நல்ல சர்வர் இதைச் சுமந்துவிடும். ஐஸ்கிரீம் பெட்டியில் மைனஸ் 18 டிகிரி என்பது ஐந்து விநாடியில் மாறிவிடுவதில்லை, கதவைத் திறந்துபோட்டால்கூட நிமிடக் கணக்கு ஆகும். நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் ஒரு கொயரியில் உங்கள் அலர்ட் வேலை முடிந்துவிடும். அப்படியிருக்க ஃபிளிங்க் தெரிந்தவரைத் தேடி ஐந்து மாதம் அலைவானேன்? முப்பது வருடம் டேட்டாபேஸோடு வாழ்ந்தவன் என்பதால் எனக்கு எல்லாம் டேபிளாகவே தெரிகிறது என்று சொல்வீர்கள், சொல்லுங்கள். ஆனால் ஆளே கிடைக்காத ஒரு கருவியை நம்பி வியாபாரத்தை வைத்திருப்பதும் ஒரு ஆபத்துதான்.

தரமணி_தரவு | ஆகஸ்ட் 5, காலை 9.30

சார், கணக்கு சரிதான், தப்பாக எடுக்கவில்லை. இன்று தொடங்கினால் நானே போஸ்ட்கிரெஸில்தான் தொடங்குவேன் என்று நினைக்கிறேன். ஆனால் பேசிக்கொண்டிருக்கும் ஒரு வாடிக்கையாளர் வந்தால் வண்டி எண்ணிக்கை பத்து மடங்காகும். அப்புறம், எங்கள் சிக்கல் அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. எங்கள் வண்டிகளில் இருப்பவை ஏஐஎஸ் 140 (வண்டி இருக்குமிடம் காட்டும் கருவிகளுக்கான இந்தியத் தரம்) கருவிகள். சிக்னல் இல்லாதபோது தன்னிடமே சேர்த்துவைத்து, கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும் வண்டி சில சமயம் இருபது நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, சேலம் பக்கம் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டும். அந்த இருபது நிமிடத்துக்குள் சூடு ஏறி இறங்கியிருந்தால் இப்போது அலர்ட் அனுப்புவதா வேண்டாமா, ஏற்கெனவே முடித்த பத்து நிமிடச் சராசரியைத் திருத்துவதா, வாடிக்கையாளருக்குப் போன அறிக்கையை என்ன செய்வது? போஸ்ட்கிரெஸ் வைத்தாலும் இந்தக் கேள்விகள் அப்படியே நிற்கும்.

நள்ளிரவுப்_பேஜர் கேட்டதற்கு: உடைந்தது ஜூன் மாதம் ஒரு ஞாயிறு இரவு. கண்டுபிடித்தது வாடிக்கையாளர், திங்கள் காலை ஏழரைக்கு. அதைச் சொல்வது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளருக்கு முப்பது வண்டி, தனி டாபிக் (காஃப்காவில் அவருடைய செய்திகளுக்கான தனி வரிசை). எட்டு பார்ட்டிஷனில் (டாபிக்கைப் பிரித்துவைத்த பகுதிகள்) ஓடிக்கொண்டிருந்ததை, வண்டி கூடப்போகிறது என்று 24 ஆக்கினோம். ஃபிளிங்கில் ஓடும் கணக்கு வேலையை, அதாவது ஜாபை, நிறுத்தித் திரும்ப எழுப்பினோம். எல்லாம் பச்சை. கன்ஸ்யூமர் லேக் (வந்தும் இன்னும் எடுக்காத செய்திகள்) பூஜ்யம், சிபியு சாதாரணம், செக்பாயின்ட் (அவ்வப்போது நிலையைச் சேமிப்பது) ஒழுங்காக முடிகிறது, வரைபடத்தில் வண்டிகளும் நகர்கின்றன. அலர்ட் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. அன்று இரவு ஒரு வண்டியின் குளிர்பதன யூனிட் கிருஷ்ணகிரிக்கும் சேலத்துக்கும் நடுவே நின்றுவிட்டது. டிரைவருக்குத் தெரியாது. காலையில் பெட்டியைத் திறந்தபோது சரக்கு முழுக்கப் போயிருந்தது.

சேர்ந்து ஏழு வாரத்தில் போனார் என்றேனே, அன்று ஆன்கால் (கோளாறு வந்தால் எந்த நேரமும் எழுந்து பார்க்கும் முறை) அவருடையது. லேக் பூஜ்யம் என்பதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று படுத்துவிட்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள், ஏனென்றால் அலர்ட் வராமலிருப்பதைக் கவனிக்க நாங்கள் எதையுமே வைத்திருக்கவில்லை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆன்கால் இருக்கும் என்பதையும் சேர்ந்த பிறகுதான் சொன்னோம்.

நள்ளிரவுப்_பேஜர் | ஆகஸ்ட் 5, மதியம் 1.05

முப்பது வண்டி, 24 பார்ட்டிஷன். புரிந்துவிட்டது. வண்டி எண்ணை ஹேஷ் செய்துதான், அதாவது ஒரு சூத்திரத்தில் போட்டுத்தான், பார்ட்டிஷன் முடிவாகிறது, முப்பது எண்ணை 24 பெட்டியில் போட்டால் சராசரியாக ஆறேழு பெட்டி காலியாகவே கிடக்கும். ஒவ்வொரு பார்ட்டிஷனும் எந்த நேரம் வரை வந்திருக்கிறது என்று பார்த்து, அதில் மிகப் பின்தங்கியதைத்தான் ஃபிளிங்க் வாட்டர்மார்க்காக, அதாவது இதுவரைக்கும் தரவு வந்துவிட்டது என்ற நேரக் குறியாக, எடுத்துக்கொள்ளும். காலிப் பார்ட்டிஷன் எதுவும் சொல்லாது, அதனால் வாட்டர்மார்க் நகராது, அதனால் விண்டோ (அந்தப் பத்து நிமிடக் கணக்கு) மூடாது, அதனால் சராசரி வராது, அதனால் அலர்ட் இல்லை. செய்திகளை எடுத்துக்கொண்டுதான் இருக்கும், அதனால் லேக் பூஜ்யம். எட்டில் ஓடியபோது காலிப் பெட்டி இருந்திருக்காது. ஐடில் (செய்தி வராத) பார்ட்டிஷனை விட்டுவிடச் சொல்லும் ஒரு வரி செட்டிங் போட்டால் தீரும். ஆனால் அந்த ஒரு வரி தேவை என்று தெரிய ஒரு முறையாவது அடிபட்டிருக்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டிய நேர்காணல் கேள்வி உங்கள் கையிலேயே இருக்கிறது. இந்தச் சம்பவத்தை அப்படியே எடுத்து, வாடிக்கையாளர் பெயரை நீக்கிவிட்டு, டாஷ்போர்டு படங்களோடு வருபவர் முன்னால் வையுங்கள். "இரவு இரண்டு மணி, எல்லாம் பச்சை, அலர்ட் மட்டும் இல்லை, எங்கிருந்து தொடங்குவீர்கள்?" ஒரு மணி நேரம் கொடுங்கள். விடையைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. முதலில் எதைச் சந்தேகிக்கிறார், எதைப் பார்க்கக் கேட்கிறார், நேற்று என்ன மாற்றினீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறதா, சரக்கு ஏற்றிய வண்டிகள் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது நினைவில் இருக்கிறதா, இவ்வளவு போதும். என்னைக் கேட்டால் கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். காரணம் தேடுவதற்கு முன் டிப்போவுக்கு ஒரு போன் போடச் சொல்பவர் எனக்கு வேண்டும்.

இன்னொரு கேள்வியும் வைத்திருக்கிறேன், நிறையப் பேர் இங்கேதான் விழுவார்கள். "எக்ஸாக்ட்லி ஒன்ஸ், ஒவ்வொரு செய்தியும் சரியாக ஒரே முறை என்பது, உங்களிடம் உண்டா?" 2017-இல் காஃப்கா 0.11 வந்ததிலிருந்து உண்டு, செட்டிங் போட்டால் போதும் என்பார்கள். காஃப்காவுக்குள் எடுத்து காஃப்காவுக்குள்ளேயே போடும்வரை சரி. உங்கள் அலர்ட் எஸ்எம்எஸ்ஸாக வெளியே போகிறது. அனுப்பிவிட்டு, அனுப்பினேன் என்று எழுதிவைப்பதற்கு முன் ஜாப் விழுந்தால், எழுந்ததும் திரும்ப அனுப்பும். ஒரு டிரைவருக்கு இரவில் ஒரே அலர்ட் நான்கு முறை வந்தால் ஐந்தாவதை அவர் திறந்து பார்க்க மாட்டார். இதைத் தானாகச் சொல்லி, ஒவ்வொரு அலர்ட்டுக்கும் ஒரு எண் கொடுத்து, அனுப்புமுன் அந்த எண் போய்விட்டதா என்று பார்க்கலாம், அப்படியும் ஒரு சின்ன இடைவெளி மிஞ்சும், அந்த இடைவெளியில் இரண்டு முறை போவது மேலா போகாமலே இருப்பது மேலா என்று உங்களைத் திருப்பிக் கேட்பவர்தான் சீனியர். அவருக்கு ஃபிளிங்க் தெரியாவிட்டால் இரண்டு மாதத்தில் கற்றுக்கொள்வார்.

நொய்யல் | ஆகஸ்ட் 5, இரவு 9.18

கோவையிலிருந்து எழுதுகிறேன். பதினோரு வருட அனுபவம், நடுவில் குழந்தைக்காக மூன்று வருட இடைவெளி, வேலைக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. நூற்பாலை மிஷின்களிலிருந்து டேட்டா எடுத்து எந்த ஃபிரேமில் நூல் அதிகம் அறுகிறது என்று சூப்பர்வைசருக்கு உடனே காட்டும் வேலை. இந்த ஜேடியை நான் ஏப்ரலில் பார்த்தேன், விண்ணப்பிக்கவில்லை. காரணம் சொல்கிறேன், அண்ணா தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான்.

ஃபிளிங்கில் ஐந்து ஆண்டு என்று போட்டிருந்தது. எனக்கு ஒரு நாள்கூட இல்லை. நாங்கள் எழுதியது சொந்தக் கோடு, க்யூவுக்கு வேறொன்று. ஆனால் தொப்பூர் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, ஏனென்றால் எங்களுக்கு அது மின்வெட்டு. மில்லில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் நெட்வொர்க் விழுந்திருக்கும், மிஷின் பக்கத்துப் பெட்டி பேட்டரியில் ஓடித் தன்னிடம் சேர்த்துவைக்கும், திரும்ப வந்ததும் அறுநூறு பெட்டியும் ஒரே நொடியில் கொட்டும். முதல் முறை எங்கள் சர்வரே விழுந்தது. பிறகு ஒவ்வொரு பெட்டியும் கொஞ்சம் வெவ்வேறு நேரம் காத்திருந்து அனுப்பும்படி மாற்றினோம், பழையது தனி வழியாகவும் புதியது தனி வழியாகவும் வரும்படி பிரித்தோம், சூப்பர்வைசருக்கு வேண்டியது இப்போது என்ன நடக்கிறது என்பதுதானே. இது நீங்கள் கேட்கும் அதே வேலைதான். உங்கள் ஜேடியில் மட்டும் அது வேறு வேலை மாதிரித் தெரிந்தது.

இன்னொன்று, 90 நிமிட ஆன்லைன் கோடிங். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இரவு பதினொன்றுக்கு உட்கார்ந்து, கேமரா முன்னால், கல்லூரியில் படித்த மரம், கிராஃப் கணக்குகளைத் திரும்பப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து எழுதச் சொன்னால் நான் வரமாட்டேன். எனக்கு வராது என்பதால் இல்லை. அந்த நேரம் என்னிடம் இல்லை.

வைகைக்கரை | ஆகஸ்ட் 6, காலை 8.02

நானும் தேடிக்கொண்டிருப்பவன்தான், ஆறு வருட அனுபவம். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று. கோடிங் சுற்றையே எடுத்துவிடாதீர்கள். பெரிய பெயர் சொல்லி, படம் வரைந்து அழகாகப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரு ஃபைலைத் திறந்து வேலை செய்யச் சொன்னால் திணறுவார்கள். அவர்களோடு ஒரே டீமில் வேலை செய்து அவர்களுடைய கோடையும் நானே எழுதியிருக்கிறேன். லீட்கோட் மாதிரிப் புதிர்க் கணக்கு வேண்டாம், சரி. உங்கள் சொந்தக் கோடு இருக்கும் ரெப்போவிலிருந்து ஒரு சின்னப் பகுதியை எடுத்து, அதில் ஒரு உண்மையான பக் இருக்கட்டும், ஒரு மணி நேரம், இணையம் பார்க்கலாம், ஏஐ உதவியும் எடுக்கலாம், பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். வீட்டில் வைத்து முடித்து அனுப்பச் சொல்லும் டேக்-ஹோம் மட்டும் வேண்டாம். "நான்கு மணி நேரம்தான் ஆகும்" என்று மூன்று இடத்தில் சொன்னார்கள், மூன்றுமே ஒரு முழு சனி ஞாயிறைத் தின்றன, அதில் இரண்டு இடத்திலிருந்து பதில்கூட வரவில்லை.

ஆள்தேடி | ஆகஸ்ட் 6, மதியம் 12.20

பன்னிரண்டு வருடமாக டெக் ஆட்களைத் தேடித் தரும் வேலை. எண்பதாவது நாள் வராமல் போனவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்த எண்பது நாளில் நீங்கள் அவரிடம் எத்தனை முறை பேசினீர்கள்? பெரும்பாலும் ஆஃபர் லெட்டர் அனுப்பியதும் எச்ஆர் மாதம் ஒரு முறை "ஜாயினிங் கன்ஃபர்மா" என்று மெசேஜ் போடுவதோடு சரி. அதே நேரம் அவருடைய பழைய மேனேஜர் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கவுண்டர் ஆஃபர் பேசுகிறார், வெளியிலிருந்து தினமும் நான்கு ரெக்ரூட்டர் கூப்பிடுகிறோம். வீட்டு லோன் கட்டும் ஒருவர் ஆறு லட்சம் கூடக் கிடைத்தால் யோசிக்கத்தான் செய்வார், அதை நம்பிக்கைத் துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். எண்பது நாள் கையிலிருந்தும் அவர் மனதில் உங்கள் இடம் ஒரு பிடிஎஃப் ஆகவே இருந்துவிட்டது என்பதுதான் விஷயம். சீனியர் ஆள் என்றால் வாரம் ஒரு முறை அவரோடு வேலை செய்யப்போகிறவர் பேச வேண்டும், எச்ஆர் இல்லை. என்ன உடைந்தது, என்ன யோசிக்கிறோம், நீங்கள் வந்ததும் இதைப் பார்ப்போம் என்று. நோட்டீஸை வாங்கிக்கொள்ள (மீதி நாளுக்குப் பணம் கட்டி முன்பே வர) முடியுமென்றால் அந்தத் தொகையை யார் தருகிறார்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சம்பளத்தை ஜேடியில் போடுங்கள். 32 முதல் 42 என்று போட்டால் 60 எதிர்பார்ப்பவர் தானாக விலகிவிடுவார், நீங்கள் ஐந்து சுற்று நடத்தி இரண்டு பேர் நேரத்தையும் வீணாக்கத் தேவையில்லை. ஆன்காலையும் அங்கேயே போடுங்கள், அதற்குத் தனிப் பணம் உண்டா, இரவு முழுக்க விழித்தால் மறுநாள் விடுப்பா என்பதையும். உங்களிடம் ஏழு வாரத்தில் போனவர் வெளியே என்ன சொல்வார் என்று நினைக்கிறீர்கள்? இந்த ஊரில் காஃப்கா ஆட்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

ஜூரோங் | ஆகஸ்ட் 7, காலை 7.45

சிங்கப்பூரில் பங்குச் சந்தை டேட்டா பக்கம் வேலை செய்கிறேன். எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாள் 2012 ஆகஸ்ட் 1. அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற நிறுவனம் புதிய கோடை எட்டு சர்வரில் ஏற்ற வேண்டும், ஏழில் ஏறியது, ஒன்றில் விட்டுப்போனது. பழைய வேலைக்கு வைத்திருந்த ஒரு ஃப்ளாகை, அதாவது சுவிட்ச் போன்ற ஒரு குறியை, புதிய வேலைக்கும் பயன்படுத்தியிருந்தார்கள், அந்த எட்டாவது சர்வரில் பல வருடம் முன்பே கைவிட்ட கோடு உயிர் பெற்று ஆர்டர் மேல் ஆர்டராக அனுப்பியது. 45 நிமிடத்தில் சுமார் 44 கோடி டாலர் போனது, நிறுவனமும் போனது. அல்காரிதம் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. மாற்றத்தை எப்படி ஏற்றுவது, ஏறியதா என்று எப்படிப் பார்ப்பது, பாதியில் எப்படி நிறுத்துவது, இதில்தான் ஓட்டை.

அதனால் நான் கேட்பது இதுதான்: "ஓடிக்கொண்டிருக்கும் ஜாபில் ஸ்டேட் (இதுவரை நினைவில் வைத்த கணக்கு) இருக்கிறது, அதன் வடிவத்தை மாற்ற வேண்டும், தரவு நிற்காது. எப்படி ஏற்றுவீர்கள்? தப்பானால் எப்படித் திரும்புவீர்கள்?" சேவ்பாயின்ட் (திரும்பி வர ஒரு சேமிப்பு) எடுத்து வைப்பேன், புதியதைப் பக்கத்தில் தனியாக ஓடவிட்டு இரண்டின் விடையையும் ஒப்பிடுவேன், வெளியே அனுப்பும் வழியைப் புதியதில் அடைத்து வைப்பேன் என்று வந்தால் அவர் செய்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். உங்கள் ஜூன் சம்பவமும் இதே வகைதான். பார்ட்டிஷனைக் கூட்டியது ஒரு மாற்றம், ஆனால் அதை யாரும் மாற்றமாக நினைக்கவில்லை. கூட்டினால் குறைக்க முடியாது, அதோடு வண்டி எண் போய்ச் சேரும் பார்ட்டிஷனும் மாறிவிடும், ஒரு வண்டியின் பழைய செய்தி ஒரு பெட்டியிலும் புதிய செய்தி இன்னொன்றிலும் இருக்கும், வரிசைக்கான உறுதி ஒரே பார்ட்டிஷனுக்குள்தான்.

கடைசியாக, யாரைக் கேட்டாலும் அதே கேள்விகளைக் கேளுங்கள், மதிப்பெண்ணை ஒவ்வொருவரும் தனியாக எழுதிய பிறகு பேசுங்கள். ஆள் தேர்வு முறைகளை ஒப்பிட்ட 1998 ஆய்வும் அதைத் திருத்திய 2022 ஆய்வும் பல விஷயத்தில் வேறுபடுகின்றன, ஆனால் இரண்டிலும் இப்படித் திட்டமிட்டு நடத்தும் நேர்காணல் நன்றாகவே தேறுகிறது, அனுபவம் எத்தனை ஆண்டு என்பது இரண்டிலும் மிகக் கீழே. உங்கள் ஜேடியின் முதல் வரியே எத்தனை ஆண்டு என்பதுதான்.

தரமணி_தரவு | ஆகஸ்ட் 9, இரவு 11.50

மூன்று நாளாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நிறுவனரிடமும் காட்டினேன். முடிவு செய்தவை:

ஜேடி மாறுகிறது. முதல் வரி, "குளிர்பதன லாரியில் சூடு ஏறினால் ஒரு நிமிடத்துக்குள் டிரைவருக்குத் தெரிய வேண்டும், சிக்னல் போனாலும், கருவி தப்பாகச் சொன்னாலும், நம் சர்வர் விழுந்தாலும்." அடுத்து, தாமதமாகவும் இரண்டு முறையும் வரிசை மாறியும் வரும் தரவோடு எங்கேயாவது, எந்தக் கருவியிலாவது வேலை செய்திருக்க வேண்டும். ஆண்டுக் கணக்கு எடுத்தாகிவிட்டது. சம்பளம் போட்டாகிவிட்டது. ஆன்கால் மூன்று வாரத்தில் ஒரு வாரம், அதற்காக உள்ளிருந்தே ஒருவரைப் பழக்குகிறோம், இரவு எழுப்பினால் மறுநாள் விடுப்பு.

சென்னை மட்டும் என்பதில் நிறுவனர் முதலில் இறங்கி வரவில்லை. கருவிகளைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார், அதில் நியாயம் இருக்கிறது. மாதம் நான்கு நாள் சென்னை, மற்றபடி எங்கிருந்தும் என்று வந்து நின்றோம்.

சுற்று மூன்றுதான்: பக் உள்ள எங்கள் கோடு ஒரு மணி நேரம், ஜூன் சம்பவம் ஒரு மணி நேரம், நிறுவனரோடு அரை மணி நேரம். பழைய_டிபிஏ சார், உங்கள் கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன். "இதை ஃபிளிங்க் இல்லாமல் செய்யலாமா?" என்று கேட்கப்போகிறோம்.

நொய்யல், உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

பழைய_டிபிஏ | ஆகஸ்ட் 10, காலை 6.40

நல்லது. அந்தக் கேள்விக்கு யார் என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள், ஆசையாக இருக்கிறது.

நொய்யல் | செப்டம்பர் 2, இரவு 10.05

இங்கே கேட்ட நண்பர்களுக்காக. பேசினேன், மூன்று சுற்றும் போனேன், எனக்குப் பிடித்த நேர்காணல். ஆஃபரும் வந்தது. ஆனால் சேரவில்லை. அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், மாதம் நான்கு நாள் சென்னை என்பது முடியாது, இரவு ஆன்காலும் இப்போதைக்கு முடியாது. அண்ணா புரிந்துகொண்டார். வேறு யாராவது என்னைப்போல் ஜேடியைப் பார்த்துத் தயங்கினால் தயங்காமல் பேசிப் பாருங்கள்.

தரமணி_தரவு | ஜனவரி 18, காலை 11.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆள் கிடைத்துவிட்டார், டிசம்பர் முதல் வாரம் சேர்ந்தார்.

திருச்சிக்காரர், பத்து வருடமாக செல்போன் டவர்களின் அலாரம் பார்க்கும் வேலை. ஃபிளிங்க் தொட்டதில்லை, காஃப்கா கொஞ்சம். பழைய வடிகட்டியில் அவர் ரெஸ்யூமே முதல் நாளே விழுந்திருக்கும். ஜூன் சம்பவத்தை வைத்ததும் முதலில் கேட்டது, "இப்போது எத்தனை வண்டி சரக்கோடு ஓடுகிறது, டிப்போ நம்பர் இருக்கிறதா?" இரண்டாவது, "கடைசி அலர்ட் எத்தனை மணிக்குப் போனது, அதற்கு முந்தைய மாற்றம் எது?" வாட்டர்மார்க் என்ற சொல் அவருக்குத் தெரியாது, ஆனால் நாற்பதாவது நிமிடத்தில், பேசாமல் இருக்கும் ஒரு பார்ட்டிஷனுக்காக எல்லாரும் காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்றார்.

ஐடில் செட்டிங் போட்டுச் சரிசெய்தோம் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கருவியின் கடிகாரத்தை நம்பலாமா என்று கேட்டார். 2019 ஏப்ரல் 6-இல் ஜிபிஎஸ் வார எண் பூஜ்யத்துக்குத் திரும்பியபோது சில கருவிகள் தேதியை 1,024 வாரம் பின்னால் காட்டினவாம், அன்று அவர் ஷிஃப்டில் இருந்திருக்கிறார். பின்னால் காட்டினால் பரவாயில்லை, தாமதமென்று தனியாகப் போய்விடும், முன்னால் காட்டினால்? பொங்கல் அன்று பெரும்பாலான வண்டி ஷெட்டில் நின்று பார்ட்டிஷன் எல்லாம் ஐடில் ஆகிவிட்டால், எதிர்காலத் தேதி சொல்லும் ஒரே ஒரு கருவி வாட்டர்மார்க்கை அங்கே இழுத்துக்கொண்டு போய்விடும், அப்புறம் வரும் நல்ல தரவு எல்லாம் தாமதம் என்று கழிந்துவிடும். நாங்கள் சரிசெய்ததே அடுத்த ஓட்டை. சர்வர் நேரத்தைவிட ஐந்து நிமிடம் முன்னால் இருக்கும் எதையும் வாசலிலேயே தனியாக ஒதுக்குகிறோம் இப்போது. இந்தப் பொங்கல் ஒழுங்காகக் கழிந்தது.

சார், உங்கள் கேள்விக்கு அவர் சொன்னது: இன்றைய அளவுக்கு போஸ்ட்கிரெஸ் போதும், ஆனால் ஓடுவதை நிறுத்தி மாற்றச் செலவாகும் நேரத்தில், அதற்குப் பதிலாக, அலர்ட் வரவில்லையென்றால் தெரிந்துகொள்ள ஒரு வழி செய்வேன் என்றார். சேர்ந்த முதல் வாரம் அதைத்தான் செய்தார். இல்லாத ஒரு வண்டியை உருவாக்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதன் பெட்டிச் சூட்டை ஏற்றி இறக்கி, அதற்கான எஸ்எம்எஸ் எங்கள் அலுவலக போனுக்கு வந்து சேர்கிறதா என்று முழு வழியும் சோதிக்கிறார். வரவில்லையென்றால் ஆன்கால் ஆளை எழுப்பும். இரண்டு முறை எழுப்பியிருக்கிறது, இரண்டுமே உண்மையான கோளாறு, இரண்டையும் வாடிக்கையாளர் கவனிக்கும் முன் சரிசெய்தோம்.

நள்ளிரவுப்_பேஜர் | ஜனவரி 18, மதியம் 12.10

ரொம்ப சந்தோஷம். அந்தப் போலி வண்டியை எந்தப் பார்ட்டிஷனில் ஓட்டுகிறீர்கள்? ஒன்றே ஒன்று என்றால் அந்தப் பார்ட்டிஷன் நன்றாக இருப்பது மட்டும்தான் தெரியும்.

தரமணி_தரவு | ஜனவரி 18, மதியம் 12.35

பார்ட்டிஷனுக்கு ஒன்று, வாடிக்கையாளர் டாபிக் ஒவ்வொன்றிலும். எண்களைத் தேடிப்பிடித்து அப்படி விழும்படி வைத்திருக்கிறார். பில்லிங்கிலிருந்து அவற்றை நீக்க மட்டும் முதல் மாதம் மறந்துவிட்டோம், ஒரு வாடிக்கையாளருக்கு 24 வண்டி கூடப் போய்விட்டது. திருத்திய பில் அனுப்பியாகிவிட்டது.